சரிவின் உச்சி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடைக்குப் போகும் சாலையில், தென்னந்தோப்புகளின் நிழல் முடிந்து மலை எதிரே எழுந்து நிற்கும் இடத்தில், வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்து மேலே ஏறத் தொடங்கும் பிரயாணி, வளைவுகள் பலவற்றைத் தாண்டி, கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,400 அடி உயரத்தில், மரங்கள் நாற்புறமும் சூழ்ந்த ஒரு புல்வெளிக்கு வந்து சேருகிறான். அந்த இடத்துக்கு டாப்சிலிப் என்று பெயர். மலைநாட்டில் வெள்ளைக்காரர் சூட்டிய பெயர்களுள் பெரும்பாலானவை ஒரு துரையின் பெயராகவோ, அவர் பிறந்த சீமையிலுள்ள ஏதோ ஓர் ஊரின் பெயராகவோ இருக்கக் காண்கிறோம். இது அப்படிப்பட்டதன்று, இது ஒரு வேலையின் பெயர். வெட்டிய தேக்குத் தடிகளை மலைமேலிருந்து சமவெளிக்கு வழுக்கி விடுவதற்காக அமைத்த சரிவுக்கு 'ஸ்லிப்' என்றார்கள். அந்தச் சரிவின் தலைமாடு எங்கே இருந்ததோ அதுவே 'டாப் ஸ்லிப்'. சரிவு போய்விட்டது. தடிகளும், அவற்றை உருட்டியவர்களும், அவற்றால் ஆன கப்பல்களும் போய்விட்டன. பெயர் மாத்திரம் பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்டு, நாள்தோறும் மலையேறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

மலைப்பாதைகளின் ஓரத்தில் நிற்கும் ஞாபகச் சின்னங்களை நின்று வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பக்கத்து மலையான வால்பாறைக்கு ஆழியாற்றிலிருந்து ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிப் பார்க்கும் காட்சிமுனைக்கு, அந்தப் பாதையைச் சமைத்த பொறியாளர் லோம் என்பவரின் பெயரே வழங்குகிறது. 1960-களில் எழுந்த ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு அங்கிருந்து கண்ணாடிபோல் தெரிகிறது, லோம் பார்த்த காலத்தில் அந்த இடத்தில் நீர் இல்லை. இன்னும் மேலே காவர்கல் பக்கத்தில் கார்வர் மார்ஷின் சிலை நிற்கிறது. 1890-களின் இறுதியில் அந்த மலைக்கு வந்து, காட்டைத் திருத்தித் தோட்டங்களை உண்டாக்கிய முன்னோடித் துரைகளுள் அவர் ஒருவர். பாதை போட்டவருக்கு ஒரு காட்சிமுனையும், தோட்டம் போட்டவருக்கு ஒரு சிலையும் கிடைத்திருக்கின்றன. அவற்றை நான் குறைகூறவில்லை. செங்குத்தான பாறையில் ஒரு வண்டிப்பாதைக்கு இடம் கண்டுபிடிப்பது சாமானியமான வித்தையன்று. ஆயினும், அந்த இரு சின்னங்களைக் காட்டிலும் டாப்சிலிப் என்ற இந்த ஒற்றைப் பெயர் எனக்கு அதிகமாகச் சரித்திரம் சொல்வதாகத் தோன்றுகிறபடியால், அதையே ஒரு கல்வெட்டாகக் கொண்டு வாசிக்க முற்படுகிறேன்.

தேக்கு என்ற சொல் நம்முடையது. மலையாளக் கரையில் அதைக் கேட்ட போர்த்துக்கீசியர் தங்கள் நாவுக்கு ஏற்பத் 'தேக்கா' என்றார்கள். அவர்களிடமிருந்து அது ஆங்கிலத்துக்குப் போய் 'டீக்' ஆயிற்று. சொல் கடல் கடந்ததற்குக் காரணம் மரம் கடல் கடந்ததே. நெப்போலியனோடு நடந்த நெடிய யுத்தங்களில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் அருகிப்போய், கப்பற்படைக்கு மரம் தேடிக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கண்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின்மேல் திரும்பியபோது, உப்புநீரில் ஊறியும் உளுக்காத, இரும்பாணியைத் துருவேறச் செய்யாத, வெயிலுக்கும் மழைக்கும் முறுக்கிக்கொள்ளாத தேக்கைவிட உயர்ந்த மரம் அவர்களுக்கு வேறெங்கும் கிட்டவில்லை. பம்பாய்க் கப்பல்துறையில் வாடியா குடும்பத்துப் பார்சி ஆசாரிகள் மலபார்த் தேக்கினால் கட்டிய போர்க்கப்பல்களுள், 1813-இல் நீரில் இறங்கிய 'கார்ன்வாலிஸ்' என்ற கப்பலில்தான் 1842-இல் சீனத்துக்கும் பிரிட்டனுக்கும் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1817-இல் இறங்கிய 'திரிங்கோமலி' இருநூறு வருஷங்கள் கழிந்த பின்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. நம் மலைச்சாரல்களில் வளர்ந்த மரம் இன்றும் அந்தக் குளிர்ந்த நீரின்மேல் அழியாமல் இருக்கிறது என்று நினைக்கும்போது ஒரு பெருமிதமும், அதைவிட அதிகமாக ஒரு துக்கமும் மனத்தில் எழுகின்றன.

இந்தத் தேவையின் பொருட்டு 1806-இல் காப்டன் வாட்சன் என்பவரை வனப் பாதுகாவலராக நியமித்து, மலபாரிலும் திருவிதாங்கூரிலும் தேக்கு வெட்டும் உரிமை முழுவதையும் கும்பினியார் தம் வசமாக்கிக்கொண்டனர். பாதுகாவலர் என்பது உத்தியோகத்தின் பெயரேயொழிய, அவர் காத்தது மரத்தையன்று, மரத்தின்மேல் சர்க்காருக்கு இருந்த உரிமையை. குடியானவனும் வியாபாரியும் ஒருங்கே வெறுத்த அந்த ஏகபோகத்தைச் சென்னையின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ 1823-இல் ரத்துச் செய்தார். பிறகு வெட்டுகிறவர்களெல்லாம் வெட்டினார்கள். கடற்கரைக்கும் ஆறுகளுக்கும் அணித்தாக இருந்த காடுகள் ஒரு தலைமுறைக்குள் மொட்டையாயின. கலெக்டர் கானலி 1840-களில் நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கியதும், கைப்படாத காடுகளைத் தேடி அதிகாரிகள் ஆனைமலையின் உட்புறத்துக்கு ஏறியதும் இந்த வறுமையினால் விளைந்தவையே.

ஆனைமலைக் காடுகளைப் பற்றிச் சர்க்காருக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முக்கியமானவர் காப்டன் பிரெடரிக் காட்டன். கொள்ளிடத்துக்கும் கோதாவரிக்கும் அணைகட்டிய ஆர்தர் காட்டனின் சகோதரர் இவர். 1848-இல் லெப்டினென்ட் மைக்கேல் என்ற இளம் ராணுவ உத்தியோகஸ்தர் இந்தக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். மரம் இருந்தது, கணக்கற்று இருந்தது. அதைக் கீழே கொண்டுவரும் வழிதான் இல்லை. ஆற்றில் விட்டால் பாறைகளில் மோதிப் பிளந்துபோகும். வண்டியில் ஏற்றலாமென்றால் பாதை கிடையாது. 5 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் சுற்றளவும் உள்ள ஒரு தடியை எடுத்துக்கொண்டால், நன்றாகக் காய்ந்த நிலையிலும் அது 500 கிலோவுக்கு மேல் கனக்கும். அப்படிப்பட்ட தடிகளை ஆயிரக்கணக்கில் மலைவிளிம்பிலிருந்து இறக்கியாக வேண்டும். மலையே இறக்கிக் கொடுக்கட்டும் என்று அதன் சரிவையே பாதையாக்கிக்கொண்ட யோசனையின் பெயர்தான் ஸ்லிப்.

அந்த வேலை நடந்த விதத்தைச் சற்று அருகே போய்ப் பார்ப்பது தகும். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. ஆகையால் மரத்தை வெட்டுவதற்கு முன்பாகவே கொன்றுவிடுவார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதனை அடுத்த வெளிறையும் வளையமாகச் செதுக்கி எடுத்துவிட்டால், வேரிலிருந்து ஏறும் சாறு நின்று, இலை உதிர்ந்து, மரம் நின்ற நிலையிலேயே இரண்டு வருஷம்போல் காய்ந்துகொண்டிருக்கும். அதன் பிறகே கோடரி. விழுந்த மரத்தைக் கிளை கழித்துத் தடியாக்கியதும், யானையின் முறை வரும். தடியின் முனையில் கட்டிய வடத்தின் மறுமுனையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தைச் சற்று ஒருக்களித்து, பள்ளத்தில் தடி உருண்டு தன்னை இழுத்துவிடாதபடி நின்று நிதானித்து யானை அடியெடுத்து வைப்பதை ஒருமுறை கண்டவர்கள், அதை விலங்கின் பலம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். தடி சிக்கிக்கொண்டால் வடத்தை விட்டுவிட்டு, நெற்றியால் முட்டி அதைத் திருப்பிவிட்டு மறுபடியும் வந்து வடத்தைக் கவ்வும். யானையின் கழுத்தில் அமர்ந்திருந்த மாவுத்தர்கள் பெரும்பாலும் மலசர் என்ற பழங்குடியினர். டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாமில் இன்றைக்கும் கும்கி யானைகளைப் பராமரிக்கிறவர்கள் அவர்களே. எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்த ஓடையை எந்த மாசத்தில் கடக்கலாம், எந்தத் தாழ்வில் காட்டு யானை ஒதுங்கும் என்பதையெல்லாம் அறிந்து வழிகாட்டியவர்கள் இன்னொரு பழங்குடியினரான காடர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஜாதிகளைப் பற்றிய பெருநூலில், மூங்கில் முளைகளை அடிமரத்தில் வரிசையாக அடித்து ஏணியாக்கிக்கொண்டு, தேன் எடுப்பதற்காக வானளாவிய மரங்களில் காடர் ஏறும் விதம் விவரமாக எழுதப்பட்டிருக்கிறது.

உச்சியில் கொண்டுவந்து நிறுத்திய தடியைச் சரிவின் வாயில் நேராக்கி விட்டுவிட்டால் அப்புறம் அதை நிறுத்த ஒருவராலும் ஆகாது. கீழே வந்து கிடந்த தடிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றி மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மரக்கலங்களில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். கப்பல்துறையின் பசி தணிவதற்குள் ரயில்வேயின் பசி பிறந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதல் வண்டி ஓடிற்று. இருப்புப் பாதை நீள நீளத் தண்டவாளத்துக்கு அடியில் கிடத்துவதற்குக் கட்டைகள் வேண்டியிருந்தன. எஞ்சினுக்கு எரிக்கவும் விறகு வேண்டியிருந்தது.

அதே 1856-இல்தான் சென்னை மாகாணத்தில் வன இலாகா தோன்றிற்று. அதன் முதல் தலைவர் ஹ்யூ கிளெக்ஹார்ன், தொழிலால் வைத்தியர், விருப்பத்தால் தாவர சாஸ்திரி. 1858-இல் அவர் ஆனைமலையின் உயர்ந்த சிகரங்கள்வரை ஏறிப் பார்த்தார். 1861-இல் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காடு தீராத செல்வமன்று, வெட்டுகிற கை நடவும் கடமைப்பட்டது என்பதை அதிகாரிகளின் செவியில் ஏறும்படி விடாது சொன்னவர்களுள் அவரை முதன்மையாக வைக்கவேண்டும். ஆனால் அதே அறிவு, மலையில் காலங்காலமாகத் தினையும் ராகியும் விதைத்து வாழ்ந்தவர்களைக் காட்டின் விரோதிகளாக எண்ணும் மனோபாவத்தையும் உடன் கொண்டுவந்தது. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் அதற்குச் சட்டத்தின் வடிவம் கொடுத்தது. காடர் காட்டில் குடியிருப்பதற்கே உத்தரவு வேண்டிய காலம் வந்தது. இதைக் கிளெக்ஹார்னின் கணக்கில் முழுவதும் எழுதுவது நியாயமாகாது. எழுதாமலே விடுவதும் நியாயமாகாது.

மலையே இறக்கிக் கொடுக்கட்டும் என்ற அந்தப் பழைய யோசனை அதன் சிறந்த உருவத்தை அடைந்தது ஆனைமலையின் மறுபுறத்தில், கொச்சி ராஜ்யத்தில். பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரைக்கும் ஐம்பது மைலுக்குச் சற்றே குறைந்த தூரத்துக்கு ஒரு வன டிராம்வே போட்டு, 1907-ஆம் ஆண்டு முதல் 1963 வரை அதில் தேக்கைக் கொண்டுபோனார்கள். எஞ்சின் ஏறமுடியாத செங்குத்தான இடங்களில், பாரம் ஏற்றிய வண்டிகளையும் வெறும் வண்டிகளையும் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் பிணைத்திருந்தார்கள். மேலிருந்து பார வண்டி இறங்க, அதன் கனத்தாலேயே கீழிருந்து வெறும் வண்டி ஏறும். நடுவே இருந்தவன் செய்யவேண்டியது தடையை அழுத்திப் பிடித்து வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது ஒன்றுதான். கிணற்றில் இரு வாளிகள் ஒன்று மாற்றி ஒன்று ஏறி இறங்குவதைப் போன்ற இந்தத் தந்திரத்தின் எளிமையை நான் வியக்காமல் இருக்க முடியவில்லை. மரம் தன் கனத்தாலேயே காட்டை விட்டு வெளியேறியது.

இவ்வளவு வெட்டியும் டாப்சிலிப்பில் இன்று தேக்கு நிற்கிறதே, அது எப்படி என்று கேட்பவர்களுக்கு, பக்கத்திலுள்ள மவுண்ட் ஸ்டூவர்ட்டில் மரங்களுக்கு இடையே இருக்கும் ஒரு கல்லறையைக் காட்டுவார்கள். ஹ்யூகோ உட் என்ற வன அதிகாரியின் சமாதி அது. 1915-ஐ ஒட்டி இந்தப் பகுதிக்கு வந்து பத்தாண்டுக்குமேல் பணிபுரிந்து, 1933-இல் குன்னூரில் காலமாகி, தம் விருப்பப்படி இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டவர். மரத்தை வேரோடு கல்லி எடுப்பதை விலக்கி, தரைக்கு அணித்தாகச் சீராக வெட்டி, அந்தக் கட்டையிலிருந்தே மறுபடியும் தழையவிடும் முறையை இங்கே நிலைநாட்டியவர் அவர் என்பது இலாகாவில் எல்லோரும் சொல்வது. வேர் பழையது, ஆழமானது. அதனால் கட்டையிலிருந்து எழும் தளிர், விதையிலிருந்து எழும் கன்றைவிட வெகு விரைவாக உயரும். பல தளிர்கள் எழுந்தால் வலுவானதை நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். வெறுமையான இடங்களில், தினந்தோறும் நடந்து செல்கையில் கைத்தடியால் நிலத்தில் குழியிட்டு, சட்டைப்பையில் வைத்திருந்த தேக்கு விதையை அதில் போட்டு மூடிக்கொண்டே போவாராம். நெடுநாள் சொல்லப்பட்டு வந்த கதை. அதில் எவ்வளவு கூடியதென்று ஆராய எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் மரங்கள் நிற்கின்றன.

கல்லறையின்மேல் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. லண்டன் நகரில் தூய பவுல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென்னுக்கு அந்த ஆலயத்துக்குள்ளேயே எழுதிவைத்த அதே வாசகம். இவரது ஞாபகச் சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார் என்பது அதன் கருத்து. நான் அங்கே நின்று, சொன்னபடியே சுற்றிலும் பார்த்தேன். மாசி மாசம்; தேக்கு இலையுதிர்த்து நின்றது. அகன்ற இலைகள் காலடியில் அப்பளம்போல் நொறுங்கின. சற்றுத் தள்ளி ஒரு மரம், முழங்கால் உயரத்தில் ஒரே அடியாகவும், அதற்குமேல் இரண்டு மரங்களாகவும் நின்றது. இரண்டுக்கும் நடுவே, பழைய வெட்டுவாய் ஒரு கிண்ணம்போலக் குழிந்து, அதில் சருகும் கொஞ்சம் மண்ணும் சேர்ந்திருந்தன. தடவிப் பார்த்தேன். கோடரி பட்ட இடத்தைச் சுற்றிப் பட்டை உருண்டு திரண்டு, ஆறிய புண்ணின் தழும்புபோல வழுவழுப்பாயிருந்தது. ஒரு தளிரைக் கழிக்க மறந்த எவனோ ஒரு காவலாளியின் மறதியால் அந்த மரம் இரட்டைப் பிள்ளையாகிவிட்டது. கல்லறையின் எழுத்துக்களைவிட அந்தக் குழி எனக்குத் தெளிவாக வாசிக்கக் கிடைத்தது.

சுற்றிலும் பார்ப்பதென்றால் இன்னும் சிலவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஒரே வயதும் ஒரே உயரமுமாக வரிசையில் நிற்கும் தேக்கு, காடு தானாக வகுத்துக்கொண்ட ஒழுங்கன்று. சற்றுத் தூரத்திலுள்ள கரியன் சோலைக்குள் நுழைந்தால், பெயருக்கேற்ற இருளில், மரத்துக்கு மரம் இலை வேறாகவும், பட்டை வேறாகவும், ஈரமாகவும் இருக்கிற பழைய வனத்தின் ஒரு துணுக்கைக் காணலாம். எல்லைக்கு அப்பால் பரம்பிக்குளத்தில் கன்னிமாரா என்று பெயர் பெற்ற தேக்கு ஒன்று இருக்கிறது. 450 வயது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்; அதன் அடியைக் கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் கைகோக்க வேண்டும். அதை வெட்ட முயன்றபோது வெட்டுவாயில் ரத்தம் கசிந்ததாகவும், அதனால் கன்னித் தெய்வமாக வணங்கி விட்டுவிட்டதாகவும் அங்குள்ள ஜனங்கள் சொல்கிறார்கள். கும்பினியின் கோடரிக்கும் கொச்சியின் டிராம்வேக்கும் தப்பிய அந்த ஒரு மரத்தைப் பார்த்த பிறகு, போன மரங்கள் எப்படியிருந்தன என்று ஒருவரும் விளக்கவேண்டியதில்லை.

மரமே ஞாபகச் சின்னமாக நிற்கும் இடம் வேறொரு மலையிலும் உண்டு. வயநாட்டுக்குத் தாமரைச்சேரி வழியாக ஏறும் கணவாயின் உச்சியில், லக்கிடியில், இரும்புச் சங்கிலியால் பிணைத்த ஒரு மரம் சாலையோரத்தில் நிற்கிறது. மலையேறும் வழியை வெள்ளைக்காரப் பொறியாளனுக்குக் காட்டிக்கொடுத்த கரிந்தண்டன் என்ற பணியர் குலத்து வாலிபனை, வழி கண்ட பெருமை தனக்கே வேண்டுமென்று அந்தப் பொறியாளன் கொன்றுவிட்டதாகவும், பாதையில் போவோரை அலைக்கழித்த அவன் ஆவியைச் சங்கிலியிட்டு மரத்தில் கட்டியதாகவும் கதை. கதையின் சாட்சியங்களைக் கோர்ட்டில் நிறுத்த முடியாதுதான். என்றாலும், அந்தக் கணவாயை அளந்தவன் பெயர் ஜனங்களின் நாவில் இல்லை. வழி தெரிந்தவனின் பெயர் இருக்கிறது. அந்தச் சங்கிலியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆனைமலைக்கு அப்படியொரு மரம் கூட வாய்க்கவில்லை. வடம் கட்டிய மலசர், வழி சொன்ன காடர், இரவெல்லாம் தடிவண்டி ஓட்டிய பொள்ளாச்சிப் பக்கத்து வண்டிக்காரர், தடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த டிராம்வேக் கூலி, இவர்களுள் ஒருவருடைய பெயரையும் நான் எந்தக் கல்லிலும் வாசித்ததில்லை. ஆகையால் ஒரு கல் நடவேண்டும் என்று கேட்கிறேன். ஆட்களின் பெயர்கள் கிடைக்காவிட்டால் வேலைகளின் பெயர்களையாவது அதில் எழுதலாம்: மரம் காய்ச்சியவர், வெட்டியவர், வடம் பிடித்தவர், யானைக்கு முன்னால் நடந்தவர், வண்டி ஓட்டியவர், தளிர் கழித்தவர். தமிழில் எழுதவேண்டும், நின்று வாசிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். அந்தக் கல்லை டாப்சிலிப்பில் நடவேண்டாம். கீழே, சேத்துமடைப் பக்கத்தில், உச்சியிலிருந்து விட்ட தடிகள் வந்து கிடந்த அடிவாரத்தில் நடவேண்டும். சரிவின் உச்சிக்குப் பெயர் இருக்கிறது. அது வந்து முடிந்த இடத்துக்கு இதுவரையில் ஒரு பெயரும் இல்லை.